ஆமைக்கு நீச்சல் வகுப்பு

தவளையம்மா என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளிடம் நீச்சல் படித்த பிள்ளைகள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் நேரிலேயே சொன்னார்கள், இப்போது பெற்றவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. தண்ணீரைக் கண்டு மிரளுகிற எந்தப் பிள்ளையையும் அவளிடம் நம்பி விட்டுவிட்டுப் போகலாம். வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசியபடியே நடப்பாள். பிள்ளை கதையில் லயித்திருக்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிடுவாள். பிள்ளை மிதக்கும். இத்தனை வருஷத்தில் அவள் கையில் யாரும் மூழ்கியதில்லை. அதைக் கேட்டவர்களிடமும் சொல்லுவாள், கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

அவளால் தண்ணீரில் இறக்க முடியாத ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சோபாவுக்கு உறை தைக்கிறவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் கையைப் பிடித்து நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனாள். முதல் படியில் கால் நனைந்ததுதான் தாமதம், மனிதர் வெலவெலத்துப் போய் வெளியே வந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு குளத்து வாசல் கேட்டைத் தாண்டியதே இல்லை. மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால்கூடத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். தவளையம்மாவுக்கு இது பெரிய மானக்கேடு. சாப்பாட்டு வேளையில் பேச வேறு விஷயம் இல்லையென்றால் இதைத்தான் எடுப்பாள்.

அன்றைக்குக் காலை வகுப்பு முடிந்ததும், குளத்து ஓரத்தில் இலைதழை சேருகிற வடிகட்டிக் கூடையை எடுத்துத் தரையில் தட்டினாள். சருகோடு சருகாக வட்டமாக ஒன்று விழுந்தது. ஏதோ டப்பா மூடி என்று நினைத்தாள். மூடி எழுந்து நடந்தது.

ஆமைக்குஞ்சு. உள்ளங்கையில் பாதிகூட இல்லை. சருகுக் குவியலின் உச்சியில் தொற்றிக்கொண்டு உயிர் பிழைத்திருக்கிறது. தண்ணீரில் வாழுகிற பிராணி எதற்குச் சருகின்மேல் தொற்றிக்கொண்டு பிழைக்க வேண்டும் என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளாவது யோசிக்கிறதாவது.

"குளத்துத் தண்ணியில மருந்து போட்டிருக்கு, அது உனக்கு ஆகாது. வீட்டுல நல்ல தண்ணி தரேன் வா," என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே கொண்டுவந்தாள். அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவள்தான். துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் பிடித்தாள். ஜன்னலோர வெயிலில் வைத்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, குஞ்சை உள்ளே விட்டாள்.

குஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு காலையும் தாறுமாறாக உதைத்தது. டப்பின் சுவரைப் பிறாண்டிப் பார்த்தது. அப்புறம் மூக்கு தண்ணீருக்குள் போனது.

"புதுசில்லையா, பயப்படுது," என்று சொல்லி அதன் வயிற்றுக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்தாள். ஆமைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கலாம் என்று உலகத்தில் வேறு யாருக்காவது தோன்றுமா? இவளுக்குத் தோன்றியது. குஞ்சிடம் ஊர்க்கதைகூடப் பேசினாள்.

வீட்டுக்காரர் பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடி வந்து எட்டிப் பார்த்தார். "அது பயப்படுற மாதிரி தெரியலையே. வெளிய போகணும்னு துடிக்குது."

"மொதல் நாள் எல்லாப் பிள்ளைங்களும் வெளிய போகத்தான் துடிக்கும்."

"எனக்கென்னவோ இது நம்ம கட்சின்னு தோணுது."

"ஆமைங்க அது. தண்ணியிலயே கெடக்குற சீவன். நீங்க போய்த் தண்ணியப் பத்திப் பேசுறீங்களே, சிரிப்பா வருது."

அவர் தையல் மெஷினுக்குத் திரும்பிப் போனார். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தவளையம்மா முதலில் ஒரு விரலை எடுத்தாள். குஞ்சு உதைத்துக்கொண்டு மிதந்தது. இரண்டாவதையும் எடுத்தாள். அப்போதும் மிதந்தது. "பாத்தீங்களா," என்று முன்னறைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். ஆள் பக்கத்தில் நின்றால் பிள்ளை சலுகை எதிர்பார்க்கும், தனியாக விட்டால் தானாகப் பழகும் என்பது அவள் கொள்கை. சமையலைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது குஞ்சு டப்பின் அடியில் கிடந்தது. நாலு காலும் துவண்டு ஓட்டுக்கு வெளியே தொங்கின. கழுத்து நீண்டு கிடந்தது.

அவள் கை தயங்கவில்லை. அது பழகின கை. அள்ளி எடுத்துத் தலை கீழே வருகிற மாதிரி பிடித்தாள். "ஏங்க, உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க," என்றாள். அவள் நாத்தனார் பக்கத்து ஊரில் மாட்டு டாக்டர். வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் கைராசிக்காரி.

வீட்டுக்காரர் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். நாத்தனார் திரையில் ஒரு பார்வைதான் பார்த்தாள். "அப்படியே தலையக் கீழ வச்சுப் பிடிங்க அண்ணி. கழுத்த மெதுவா நீட்டி விடுங்க. முன்னங்கால் ரெண்டையும் உள்ள தள்ளி, வெளிய இழுங்க. அவசரமே வேண்டாம், மூச்சு விடுற வேகத்துல செய்யுங்க."

தவளையம்மா செய்தாள். உள்ளே, வெளியே. மூக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. வாயிலிருந்து இன்னொன்று. உள்ளே, வெளியே. விடமாட்டேன் என்று அவள் உதடு அசைந்தது. வெகு நேரம் கழித்து ஒரு முன்னங்கால் அவள் விரலை எதிர்த்து லேசாகத் தள்ளியது.

"தள்ளுதுடி," என்றாள்.

"அப்பப் பொழச்சுக்கும். காலக் கேமராகிட்ட காட்டுங்க." நாத்தனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "விரலுக்கு நடுவுல தோலே இல்ல, பாருங்க. தண்ணி ஆமைன்னா ஜவ்வு இருக்கும். இதுக்குத் தூண் மாதிரி கால். ஓடும் தட்டையா இல்ல, கிண்ணத்தக் கவுத்த மாதிரி இருக்கு. இது நில ஆமை அண்ணி. நடக்க மட்டுந்தான் தெரியும். தண்ணியில யாரு போட்டது?"

வீட்டுக்காரர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காகவே அவரை எத்தனை கும்பிட்டாலும் தகும்.

"நான்தான்," என்றாள் தவளையம்மா.

"நீதான் காப்பாத்திட்டியே, விடு," என்றார் அவர்.

"நான் போட்டதாலதானே தூக்க வேண்டி வந்துது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் குஞ்சைத் துணியால் ஒற்றினாள். அவ்வளவு சின்ன உயிர், அவள் விரலை நம்பி மிதந்திருக்கிறது. அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"அழுறத அப்புறம் வச்சுக்கலாம்," என்றாள் நாத்தனார். "காஞ்ச மண்ணு போட்டு, வெதுவெதுன்னு வைங்க. பால் கீல் ஊத்தாதீங்க. மூக்குல நுரை வந்தா உடனே கூப்பிடுங்க. நாளைக்கு நானே வந்து பாத்துட்டு, தேறினதும் கெடச்ச எடத்துப் பக்கத்துல எதாவது புதர்ல விட்டுடலாம். ஆமா, ஒண்ணுதான் கெடச்சுதா? ஒரு கூட்டுல நாலஞ்சு முட்டை இருக்குமே. எல்லாம் ஒண்ணாத்தான் வெளிய வரும்."

தவளையம்மா அழுகையை நிறுத்தினாள். குளத்து மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்த புதர். சுவருக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிற நேரமும் ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் பஞ்சு வைக்கிற அட்டைப்பெட்டி ஒன்றில் மண்ணைப் போட்டுக் குஞ்சை வைத்தார். இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் வழக்கம்போலக் கேட்டுக்கு வெளியே பெட்டியோடு நின்றுகொண்டார். உள்ளே பிள்ளைகள் தொப்பி மாட்டிக்கொண்டு குதிக்கத் தயாராக நின்றன.

"ஒருத்தரும் தண்ணியில எறங்கக் கூடாது," என்றாள் தவளையம்மா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. "எல்லாரும் முட்டி போட்டுத் தரையில தேடுங்க. ஆமைக்குஞ்சு இருக்கும். மிதிச்சுடாதீங்க."

ஆழமான பக்கத்துச் சுவரோரம் பிள்ளைகள் தவழ்ந்தன. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒன்று கிடைத்தது. தண்ணீர்க் குழாய் மறைவில் இன்னொன்று. தவளையம்மா இரண்டையும் துண்டில் போட்டுக்கொண்டு அடுத்ததைத் தேடக் குனிந்தாள்.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். குளத்தின் அந்தக் கோடியில், வாசலை ஒட்டிய ஆழமில்லாத பக்கத்து விளிம்பில், ஒரு குஞ்சு நடந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது தண்ணீருக்குள் விழுந்தது.

துண்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, போட்டிருந்த உடுப்போடு பாய்ந்தாள். முழுக் குளத்தையும் கடக்க வேண்டும். அவளைவிட வேகமாக அந்தக் குளத்தில் நீந்துகிறவர்கள் யாரும் இல்லை. மூச்சுக்காகத் தலையைத் திருப்பியபோதெல்லாம் கரை துண்டு துண்டாகத் தெரிந்தது. பெட்டி கேட்டருகே தரையில் இருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்த மூச்சில் ஆள் முதல் படியில் நின்றார். அதற்கடுத்த மூச்சில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையே இல்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. தலைக்கு மேலே உயர்த்திய உள்ளங்கையில் குஞ்சு இருந்தது.

இந்த நாளுக்காக அவள் எத்தனையோ கேலிகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு அவர் முதுகில் கையை வைத்தாள்.

"ஏங்க, மூச்சு விடுங்க. தலை வெளியதான் இருக்கு."

அவர் மூச்சை விட்டார். கண்ணை மட்டும் திறக்கவில்லை. கையைத் தணித்து அவள் பக்கம் நீட்டினார்.

"மொதல்ல இது மூச்சு விடுதான்னு பாரு," என்றார்.