அரசனின் ஏரியில் ஒரு வீச்சு

போரில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்தபோது சிமியோன் வீச்சுவலையை மட்டும் விடாமல் தூக்கிவந்தான். கடலில் இறங்கத் தடை. அவர்கள் தங்கியிருந்த நல்லூர்ப் பள்ளிக்கூடத்து ஆணியில் வலை காய்ந்தபடி தொங்கியது. அரிசி முடிந்த அன்று, அதை விற்றுவிடலாம் என்றாள் மனைவி லூர்த்தம்மா.

கேட்டு வந்தவர் சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் கதிரவேலு. சங்கிலித்தோப்பு வாசலில் சந்தித்தார்கள். அவருடைய சைக்கிள் கரியரில் அரை மூட்டை அரிசி. வாசல் வளைவை அண்ணாந்து பார்த்தார்.

“அரசன்ரை மாளிகை எங்கை?”

“உதுதான். வாசல் மட்டும் மிச்சம்,” என்றாள் லூர்த்தம்மா.

“தோப்பு?”

“ஆடு திண்டிட்டுது.”

அவர் வலையை விரித்துப் பார்த்தார். “தக்காளிக்கு மேலை கட்ட இது போதும். கிளி வராது.”

“கிளிக்கோ?” என்றான் சிமியோன். “இது மீன் வலை ஐயா. நான் இருந்து கட்டினது. வலையின்ரை விலையைத் தாங்கோ. ஒரு மூட்டை.”

“மீன் வலையெண்டால் மீன் எங்கை?”

“வாங்கோ, காட்டுறன்.”

“உங்களுக்கென்ன விசரே? குடுத்திட்டு அரிசியை வாங்குங்கோ,” என்றாள் லூர்த்தம்மா.

அவன் நடக்கத் தொடங்கியிருந்தான்.

அரச குடும்பம் நீராடிய யமுனா ஏரி பக்கத்தில்தான். நீரைப் பாசி மூடியிருந்தது. சிமியோன் சிலுவை அடையாளம் போட்டான். வலையின் ஓரத்தைப் பல்லில் கவ்வி வீசினான். முழுவட்டமாய் விரிந்து விழுந்தது.

“அட,” என்றார் கதிரவேலு.

இழுத்தபோது வலை மாட்டிக்கொண்டது. குருநகர்க் கடலில் மாட்டினால் அது கடற்புல். ஓங்கி இழுத்தால் புல் அறுந்து வலை வரும். அவனுடைய கைக்கு அதுதான் தெரியும். ஓங்கி இழுத்தான்.

இங்கே பாசிக்குக் கீழே கற்படிகள்.

வலை வந்தது. நடுவில் ஓர் ஆள் நுழையக்கூடிய கிழிசல். மீன் இல்லை.

கதிரவேலு கிழிசலுக்குள் கையை விட்டார். “கிளியென்ன, மயிலே போகும்.”

“பொத்தித் தாறன் ஐயா.”

“நூல் வைச்சிருக்கிறீரோ?”

அரசாங்கத்தின் பொருள்தடைக்குப் பிறகு நைலோன் நூல் எங்கும் இல்லை. சிமியோன் கிழிசலின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான்.

“அரிசியிலை கொஞ்சமெண்டாலும் தாங்கோ,” என்றாள் லூர்த்தம்மா.

“வேறை வலை பாக்கிறன் பிள்ளை.” அவர் சைக்கிளில் ஏறினார்.

சிமியோன் வலையைப் பிழிந்து தோளில் போட்டான். அரசனின் வாசலைத் தாண்டும்போதும் முதுகில் நீர் ஒழுகியது.

“நல்லாய் விரிஞ்சதெல்லே?”

“ஓம்,” என்றாள் லூர்த்தம்மா. “இரவைக்கு அதையே அவிப்பம்.”