ஆயிரத்து முந்நூற்று எண்பது டாலர் ஹெட்

வியாழக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் ஹாலிஸ் போன் செய்தார்.

“கோரின், உன் இன்ஜின் ஹெட்டைக் கழுவிப் பாத்தேன். வால்வு சீட்டுக்கும் பிளக் ஓட்டைக்கும் நடுவுல விரிசல். வெல்டு வச்சு, மறுபடி சீட்டு வெட்டணும். ரெண்டு வாரம் ஆகும்.”

“சனிக்கிழமை ரேஸ் ஃபைனலுங்க!”

“விரிசலுக்குக் காலண்டர் தெரியாதும்மா.”

எங்கள் ஊர் ஓக்லேரில் சிலிண்டர் ஹெட் வேலைக்கு ஹாலிஸை விட்டால் ஆள் கிடையாது. நான் ரேஸில் ஓட்டுவது ஏ.டி.வி., நாலு சக்கர மண்பாதை பைக். அதே மாதிரி நொறுங்கிப் போன இன்னொன்றிலிருந்து வாங்கிய உதிரி ஹெட்டைத்தான் அவரிடம் கொடுத்திருந்தேன். காற்று போகும் வழிகளைக் குடைந்து அகலப்படுத்த நானூற்றைம்பது டாலர், பெரிய வால்வுகள் முந்நூற்று நாற்பது, ஸ்பிரிங்குகள் இருநூற்றுத் தொண்ணூறு, சீட்டு வெட்ட நூற்றெண்பது, காற்றோட்டத்தை அளந்து பார்க்க நூற்றிருபது. ஆக மொத்தம் ஆயிரத்து முந்நூற்று எண்பது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இது விளையாட்டுக் காசா? ஏரி உறைந்ததும் உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் என் பனிக்குடிலை விற்றேன். எங்கள் விஸ்கான்சினில் புருஷனை விற்றால்கூட மன்னிப்பார்கள், பனிக்குடிலை விற்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள்.

எல்லாம் என் அண்ணன் வெர்லினால் வந்தது. டிராக்டர் விற்கிறவன், காசுக்குப் பஞ்சமில்லை. ஏழு வருடமாக ஃபைனலில் அவன்தான் முதல். அவன் ஜெயித்தால் அவன் ஓட்டிய அழகைப் பற்றி ராத்திரி வரைக்கும் பேசுவான். நான் ஏதாவது சின்னச் சுற்றில் ஜெயித்தாலோ, “என்னடி போட்ட? எவ்வளவு ஆச்சு?” என்று மட்டும் கேட்பான். எப்படி ஓட்டினாய் என்று ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டதில்லை. காசுதான் ஜெயிக்கும் என்றால் காசையே போடுகிறேன் என்று எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. போட்டதோடு வாயை மூடிக்கொண்டிருந்தேனா? ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்தில், எல்லோரும் பிராட்வர்ஸ்ட் சாசேஜ் தின்றுகொண்டிருக்கும்போது, ஹாலிஸின் மதிப்பீட்டுச் சீட்டை நாற்காலி மேல் ஏறி நின்று வாசித்தேன்.

இப்போது வண்டியில் இருப்பது பழைய ஹெட். கம்பெனியிலிருந்து வந்தபடியே, உளி படாத ஹெட்.

“வெளிய சொல்லிடு,” என்றான் என் புருஷன் கென்ட்.

“செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

சனிக்கிழமை மதியம் திடலில் என் வண்டியைக் கிளப்பியதும் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஆஹா, சத்தமே வேறயா இருக்கே! ஹாலிஸ் கைன்னா சும்மாவா!” அதே சத்தத்தைத்தான் அவர் மே மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினேன்.

எட்டுச் சுற்று, களிமண் பாதை. நேர்ப் பாதையில் வெர்லினைப் பிடிக்க என் இன்ஜினால் முடியாது என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே! நான் நேர்ப் பாதையில் பாய்ந்துவிடுவேன் என்று பயந்து, முதல் சுற்றிலிருந்தே டயர் தேய விரட்டினான். நான் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். பாதையை நனைக்கும் தண்ணீர் லாரி மூன்றாவது திருப்பத்தில் திரும்பும்போது சுவரோரம் கொஞ்சம் கூடுதலாகச் சிந்தும். பஸ் ஓட்டுகிற கண்ணுக்கு அது தப்பாது. உள்பக்கம் காய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது, சுவரோரக் களிமண் இன்னும் ஈரமாக டயரைப் பிடித்தது. சுவரோரம் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு முழம் தவறினால் சுவர்ப் பலகையில் முகம்.

ஐந்தாவது சுற்றில் நான் போனேன். கையை முறுக்கியது முறுக்கியபடி, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தவே இல்லை. பலகை என் முழங்கையை உரசியது. திருப்பத்திலிருந்து வெளியே வந்தபோது இடைவெளியில் ஒரு வண்டி நீளம் குறைந்திருந்தது! ஆறாவதில் இன்னொன்று. ஏழாவதில் வெர்லினின் டயர்கள் வழுக்க ஆரம்பித்தன. கடைசிச் சுற்றில் அதே திருப்பத்தில் அவனை வெளிப்பக்கமாகத் தாண்டிக் கோட்டைக் கடந்தேன். ஹெல்மெட்டுக்குள் நான் போட்ட கூச்சலில் எனக்கே காது அடைத்தது.

கென்ட் என்னைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெர்லின் வந்தான். கையில் ஒரு கவர். நடுவர் மார்வ் பின்னாலேயே.

எங்கள் கிளப்பில் ஒரு விதி உண்டு. ஜெயித்தவரின் ஹெட்டை, ஒரு சுற்றுகூடப் பின்தங்காமல் முடித்த யாரும் அறுநூறு டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால் வெற்றி போச்சு, ஒரு வருடம் தடை. யாரும் காசைக் கொட்டி ஜெயிக்கக் கூடாது என்று போட்ட விதி. ஒன்பது வருடமாக ஒருவரும் அதைத் தொட்டதில்லை. அடுத்தவன் தட்டிலிருந்து கறியை எடுப்பது மாதிரி அது.

“ஹெட்டைக் கழட்டு கோரின்,” என்றான் வெர்லின். “ஆயிரத்து முந்நூறு சரக்கு, அறுநூறுக்கு.”

“தங்கச்சிகிட்டயா?” என்று மார்வ் தலையில் அடித்துக்கொண்டார்.

என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன் ஆயிற்றே. “வேணாம் வெர்லின். வாங்கினா வருத்தப்படுவ. நிஜமாத்தான் சொல்றேன்.”

“கெஞ்சாத. ஜெயிச்சது நீயில்ல, அந்த ஹெட்டு. ஜெயிச்சதைத்தான் நான் வாங்கறேன், அவ்வளவுதான்.”

அதோடு என் நாக்கை மடித்து வைத்துக்கொண்டேன். கென்ட் பக்கம் திரும்பி, “ஸ்பானரை எடு,” என்றேன்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பொரித்த சீஸ் தட்டுகளோடு திடலில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். சூடு ஆறாத ஹெட்டைத் துணியில் சுற்றி நீட்டினேன். மார்வ் கவரை என்னிடம் கொடுத்து, “வித்தது வித்ததுதான், திருப்ப முடியாது,” என்று உரக்கச் சொன்னார்.

வெர்லின் டார்ச்சை அடித்துக் காற்று வழிக்குள் பார்த்தான். திருப்பி மறுபக்கம் பார்த்தான். விரலை உள்ளே விட்டுத் தடவினான். வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. வால்வும் கம்பெனி வால்வு.

“இதுல ஒண்ணுமே பண்ணலையே!”

“பண்ணலை. அது இன்னும் ஹாலிஸ் மேஜை மேல கிடக்கு. விரிசல்.”

மார்வ்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. திடலே சிரித்தது. “வெர்லின், டிராக்டரையும் இப்படித்தான் வாங்குவியா?” என்று யாரோ கத்தினார்கள்.

வெர்லின் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் டயர் மேல் உட்கார்ந்தான். சொரசொரப்பை இன்னொரு தரம் தடவினான். அப்புறம் நிமிர்ந்து பார்த்தான்.

“மூணாவது திருப்பத்துல எப்படிடி போன?”

ஏழு வருடம். சொல்லக் கூடாது, அது என் ரகசியம் என்று மனசு சொன்னது. வாய் எங்கே கேட்டது? தண்ணீர் லாரி, ஈரக் களிமண், பலகை உரசிய முழங்கை என்று கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான்.

கென்ட் என் காதைக் கடித்தான். “பைத்தியமே, அடுத்த வருஷம் அவனும் சுவரோரம்தான் வருவான்!”

“வரட்டும்,” என்று அந்த அறுநூறு டாலர் கவரைக் கென்ட்டின் சட்டைப் பையில் திணித்தேன். “இதை ஹாலிஸ்கிட்டக் குடு. விரிசலை அடைக்கச் சொல்லு.”