மச்சான் ஊருக்கு மரியாதை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் வாசகசாலை. அதன் வாசலில் ஒரு கரும்பலகை. 1967ஆம் வருஷம் முழுக்க, தினமும் காலையில் அதில் சாக்பீஸால் பத்து வரி எழுதியவன் நான். பெயர் சாந்திநாதன், தொழில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். கடையில் என்னைப் பார்த்தவர்களைவிடப் பலகைக்கு முன்னால் பார்த்தவர்கள்தான் அதிகம்.

சென்னையில் வெஸ்ட் இண்டீஸோடு நடந்த கிரிக்கெட்டை ரேடியோவில் கேட்டுவிட்டு, மைதானத்துக்குள்ளேயே நின்றவன்போல எழுதினேன். தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று எழுதினேன். அது தப்பாகப் போனதும், எனக்கு முன்பே தெரியும் என்று மறுநாள் எழுதினேன். ரூபாய்க்கு மூன்று படி அரிசி, எரியாத தெருவிளக்கு, நேரத்துக்கு வராத தலைவர்கள், எதையும் விட்டுவைக்கவில்லை. டீக்கடையில் நாலு பேர், "நயினார் இன்னிக்குப் போட்டாரு பாரு ஒரு போடு" என்று சொன்னால் போதும், அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. எங்கள் ஜைனக் குடும்பத்து ஆண்களை ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மார்கழியில் வாசகசாலைச் செயலாளர் பாண்டுரங்கன் வீட்டுக்கு வந்தார். பலகையில் எழுதுவதையெல்லாம் முதலில் நான் ஒரு நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். அதிலிருந்து பொறுக்கிப் பொங்கலுக்கு ஒரு மலர் அச்சடிக்கலாம் என்றார்.

"நல்லதா ஒரு முப்பது எடுங்க நயினாரே. அந்த சடுகுடு மொத பக்கத்துல வரணும். 'மச்சான் ஊருக்கு மரியாதை'. ஊரே சிரிச்சிது இல்ல?"

அவர் போனதும் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். மனைவி ஜ்வாலாமாலினி எதிரே உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன்.

"செஞ்சி தோற்றது பலக்குறைவால் அல்ல, பாசத்தால். பிடித்த காலைக் கன்னியப்பன் ஏன் விட்டார் என்று கேட்பவர்கள், அவருடைய அக்காள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று விசாரிக்கவும். பிடித்தது செஞ்சிக்காக, விட்டது அனந்தபுரத்துக்காக. ஒரே கையால் இரண்டு ஊருக்கும் உழைத்த உத்தமர் வாழ்க."

இத்தனை மாதம் கழித்தும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அந்த ஆட்டத்த நீங்க எங்க பாத்தீங்க? பொழுது சாயறதுக்குள்ள வந்து சாப்ட்டீங்களே. செஞ்சி ஜெயிச்சிடும்னு சொல்லிக்கினே மோர் வாங்கி ஊத்திக்கினீங்க" என்றாள்.

"ஒனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. அது எங்கள் குலவழக்கம். வைகாசியில் கோட்டைக்குக் கீழே இருக்கிற வெளியில் நடந்த சடுகுடு கடைசி ஆட்டம், செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும். நாலு மணிக்கு என்று நோட்டீஸ் போட்டார்கள். பரிசு கொடுக்க வேண்டிய பிரமுகர் வராததால் ஐந்தரைக்குமேல்தான் தொடங்கியது. செஞ்சி ஒரு புள்ளி முன்னால் இருந்தபோது நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போயிருக்கலாம். சோம்பல், போகவில்லை.

மறுநாள் காலை பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றேன். பாண்டுரங்கன் ஓடிவந்தார். "தோத்துட்டோம் நயினாரே. பாடி வந்த அனந்தபுரத்தான் கால கன்னியப்பன் புடிச்சிட்டான். புடிச்சவன் விட்டுட்டான். வந்தவன் கோட்டத் தொட்டுட்டான். அக்காவ அனந்தபுரத்துலதான குடுத்திருக்குது" என்றார். அவ்வளவுதான். தலைப்பு அப்படியே மனசில் வந்து விழுந்தது. கை அரித்தது. கன்னியப்பனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை. அவன் சிங்கவரத்துக் காலனிப் பையன், இருபத்திரண்டு வயசு, கூலிவேலை. பலகையில் அவன் பெயரை எழுத நான் யாரைக் கேட்க வேண்டும் என்கிற திமிர்தான், வேறென்ன.

"அழிக்காதீங்க நயினாரே, இன்னும் நாலு பேரு படிக்கட்டும்" என்றார்கள். மூன்று நாள் அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். அங்கே ஒரு மில்லில் சடுகுடுக் குழு வைத்திருந்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லிலேயே வேலை போட்டுக் கொடுப்பார்கள். கன்னியப்பனைப் பார்க்கத்தான் வந்திருந்தார். பலகையைப் படித்தார். எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்று முன்னால் போய் நின்றேன்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன்."

முக்கால்வாசி பார்த்தாலும் பார்த்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சிங்கவரத்துக்குப் போகவே இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அதன்பிறகு கன்னியப்பன் ஆடுவதை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஏழு மாதம் அதை நினைக்காமல் இருக்க எனக்கு வேறு தலைப்புகள் இருந்தன.

 ஜ்வாலாமாலினி முறத்தைத் தட்டி வைத்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பாண்டுரங்கனிடம் போனேன். "அவன் கால விட்டத நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்? இருட்டிப்போச்சு, கூட்டத்துக்குப் பின்னாடி நின்னேன். 'விட்டுட்டான், விட்டுட்டான்'னு கத்தினாங்க. இன்னா நயினாரே, இப்ப போய் இதெல்லாம்?"

அந்தப் பக்கம் மலரில் வராது என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். மலை ஓரத்தில் கன்னியப்பன் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து தலைத்துண்டை எடுத்தான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கன்னியப்பா, ஒன்னப் பத்தி நான் எழுதினது தப்புப்பா."

"அதெல்லாம் எதுக்கு நயினாரே இப்ப."

"நான் கடைசி வரைக்கும் அங்க இல்ல. பாதியிலயே ஊட்டுக்குப் போயிட்டேன். மில்லுக்காரர் கேட்டதுக்கும் பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன். நாளைக்கே பலகையில எழுதறேன். மில்லுக்கும் லெட்டர் போடறேன்."

"அந்த எடத்துக்கு அப்பவே ஆள் எடுத்துட்டாங்க."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் போனேன். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"நீங்க பாக்கவே இல்லியா?"

"பாக்கலப்பா."

அவன் கல்மேல் உட்கார்ந்தான். 

"அவன் காலு என் கையிலதான் இருந்துது நயினாரே. அவன் காலுலயா என் வெரல்லயா தெரியல, மளுக்குன்னு ஏதோ சத்தம் கேட்டுது. அப்புறம் பாத்தா கையில காலு இல்ல. பயந்து விட்டனா, வழுக்கிச்சா, அக்கா ஊரு ஆளாச்சேன்னு உள்ளுக்குள்ள ஏதாச்சும் இருந்துதா, எனக்கே தெரியல. நீங்க படிச்சவரு. தள்ளி நின்னு பாத்திருக்கீங்க, அதான் எழுதறீங்க, அப்போ நான் விட்டுத்தான் இருப்பேன்னு நெனச்சிக்கினேன். அதனாலதான் அப்புறம் ஆடவே போவல. பசங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

 ஊரை நம்பவைத்தது தெரியும். அவனையே நம்பவைத்திருக்கிறேன் என்பது தெரியாது.

"நீ வேணும்னு விட்டிருக்க மாட்டப்பா" என்றேன்.

"அதுவும் நீங்க பாக்கலியே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, நிஜமாகவே பதில் வேண்டும் என்கிற மாதிரி என்னைக் கேட்டான்.

"அப்ப யாருதான் பாத்தாங்க நயினாரே?"

நாற்பத்தெட்டு வயசில் அவன் முன்னால் நின்று அழுதேன். அவன் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு, அடுத்த கல்லை இழுத்துப் போட்டான்.