அந்த நாய் நான் சேர்த்தது

1.

"இருபத்தஞ்சு வருஷம்! ஒரு நாளாச்சும், ஒரே ஒரு நாளாச்சும் 'வா ஜெயா'ன்னு உங்க வாயில வந்திருக்கா?"

"கூப்பிட்டா மட்டும் வந்திருவியா?"

"கூப்பிட்டுப் பாத்தீங்களா? வரமாட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"விடு ஜெயா."

"விட மாட்டேன்லா! யாரு சொன்னா?"

கதவு படாரென்று சாத்தப்பட்டது.

இந்தக் கதை பிறந்த இடம் அந்தக் கதவுக்கு இரண்டடி தள்ளி. நான் அங்கே நின்று என் மணிபிளாண்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் குரல் உயரும்போதெல்லாம் ஊற்றுவேன். இதுவரை மூன்று செடிகள் வேர் அழுகிச் செத்திருக்கின்றன.

இடம், பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கு வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியின் ஆறாம் மாடி. நான் துளசி, வயது அறுபத்தொன்று, ஞாயிறு பத்திரிகைக்கு எப்போதாவது கதை எழுதுகிறவள். எதிர்வீட்டு ஜெயலெட்சுமி பாலர் பள்ளி ஆசிரியை. அவள் வீட்டுக்காரர் அர்ஜுனன் தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஐம்பத்து நான்கு வயது. அவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு: பங்க் இசைக்குழு ஒன்றில் கத்துவது.

('பாடுவது' என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் இந்தக் கதையில் எதையும் சேர்ப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன். காரணம் நாலாம் பகுதியில் வரும். நேராக அங்கே தாவிவிடாதீர்கள், எனக்கு அவமானம்.)

2.

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

ஜார்ஜ்டவுனின் பழைய சுவர்களில் மாலை வெயில் தங்கம் பூசியபோது... 

வேண்டாம். அன்று வெயிலே இல்லை. மழை வருவேனா மாட்டேனா என்று மிரட்டிக்கொண்டிருந்தது.

அர்ஜுனனின் தொண்டையில் ஒரு தலைமுறையின் கோபம்...

அதுவும் வேண்டாம். அவர் தொண்டையில் இருந்தது இருமல் மிட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். குழுவின் பெயர் 'லிஃப்ட் ரோசாக்'. மலாயில் ரோசாக் என்றால் பழுது. எங்கள் புளோக்கு லிஃப்டில் வருடத்தில் பாதி நாள் தொங்கும் அட்டையில் இருந்து எடுத்த பெயர். குரல் அர்ஜுனன், கிதார் நாசி கண்டார் சோற்றுக்கடை ஹைதர், பேஸ் கிதார் பள்ளி வேன் ஓட்டும் ஃபிக்ரி, டிரம்ஸ் கார்த்திகேசு. முப்பது வருடமாக இதே நால்வர்தான். முடி கொட்டியது, தொப்பை வந்தது, ஆள் மாறவில்லை. பாட்டு ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். பாதி மலாய், பாதி தமிழ், மீதி என்னவென்று எனக்குத் தெரியாது.

இப்போது கார்த்திகேசு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகனோடு போய்ச் சேரப்போகிறார். நால்வரும் சேர்ந்து வாசிக்கும் கடைசி நிகழ்ச்சி ஞாயிறு மாலை, மெக்காலிஸ்டர் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில். அதற்குத்தான் அந்தச் சண்டை.

ஜெயா இந்தக் குழுவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கறுப்பு டீசட்டைகளைத் துவைத்திருக்கிறாள். நிகழ்ச்சிக்கு மறுநாள் தொண்டைக்கு மிளகு ரசம் வைத்திருக்கிறாள். தன்னை அங்கே கூட்டிப்போக அவருக்கு வெட்கம் என்று முடிவு கட்டியிருந்தாள். 'பிள்ளைகளுக்கு ஏ பி சி சொல்லிக்கொடுக்கிற குண்டுப் பொம்பளை' என்று கண்ணாடி முன்னால் அவள் சொன்னதாக...

(இதை வெட்டுகிறேன். அவள் கண்ணாடி முன்னால் சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? வெட்கம் என்று அவள் நினைத்தது மட்டும் நிஜம். என்னிடம் சொல்லியிருக்கிறாள்.)

3.

ஞாயிறு மூன்று மணிக்கு என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, காடிய எடுங்க, நீங்கதான் ஓட்டணும்."

"எங்கடி?"

"அவரு கத்துறதப் பாக்க. கூப்பிடாட்டி என்ன? டிக்கெட் வாங்கிட்டேன். அங்க வச்சு என்னயப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிட்டாருன்னா, அதோட முடிஞ்சது. இனிமே ரசமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அவள் சிரிக்கவில்லை. கோயிலுக்குப் போடும் மாம்பழ நிறப் பஞ்சாபி சூட், தலையில் பூ. பின்னால் மகள் காமினி, இருபத்து மூன்று வயது, அப்பாவைப் போலவே கறுப்புச் சட்டை, முழங்கால் வரை கயிறு கட்டும் பெரிய சப்பாத்து.

"அம்மா, பூ வேணாம்மா."

"ஏன், பங்க்குக்குப் பூ ஆகாதா?"

நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். குழு காலையிலேயே வந்து சாமான்களை இணைத்துச் சோதித்துவிட்டு, ஹைதர் அசார் தொழுதுவிட்டு வருவதற்காக வெளியே போயிருந்தது. மேலே போக மரப்படி ஒன்று. துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஜெயா என்ன செய்வாள்? நீங்களும் நானும் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் செய்வதைச் செய்தாள். சிலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

நானும் கழற்றினேன். காமினி, "அம்மா, இது வீடு இல்ல!" என்றாள். ஜெயா பாலர் பள்ளிப் பார்வை ஒன்று பார்த்தாள். காமினி உட்கார்ந்து, பத்து நிமிடம் கயிறு அவிழ்த்து, கழற்றினாள்.

அடுத்து வந்தவன் தலையில் பச்சை நிறச் சேவல் கொண்டை வைத்த பையன். படியடியில் மூன்று ஜோடியைப் பார்த்தான். மேலே பூ வைத்த ஓர் அம்மாவைப் பார்த்தான். "சோரி ஆன்ட்டி" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். அவனுக்குப் பின்னால் வந்த நால்வரும் அப்படியே. ஐந்து மணிக்குப் படியடியில் எழுபது ஜோடிச் சப்பாத்து. மேலே மண்டபத்தில் உடம்பெல்லாம் பச்சை குத்திய கூட்டம், ஓட்டைக் காலுறையோடு, கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் பவ்யமாக நின்றது.

கழற்று என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

4.

சரி. சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான முதல் வருடம், துணி காயப்போடும்போது ஜெயா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவரு பாட்டு ஒண்ணும் புரியலக்கா. ரொம்பச் சத்தமா இருக்கு."

அன்று மாலை லிஃப்டுக்குக் காத்திருந்த அர்ஜுனனிடம் நான் சொன்னது: "தம்பி, ஒங்க பாட்டு நாய் ஊளையிடுற மாதிரி இருக்குன்னு ஜெயா சொல்றா. செத்தாலும் அந்தப் பக்கம் வரமாட்டாளாம்."

நாய் நான் சேர்த்தது. செத்தாலும் என்பதும் நான்தான். ஏன் என்று கேட்காதீர்கள். வெறும் 'சத்தமா இருக்கு' என்றால் யார் நின்று கேட்பார்கள்? லிஃப்ட் வேறு வரவில்லை.*

*அந்த நேரம் லிஃப்ட் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பழியில் பாதியை லிஃப்டின்மேல் போடலாம் என்று பார்க்கிறேன்.

அடுத்த மாதமே அர்ஜுனன் ஒரு பாட்டு எழுதினார். பெயர் 'ஊளை'. நாலு வரி, பிறகு ஒரே ஊளை. லிஃப்ட் ரோசாக் என்றால் இன்றைக்கும் ஆட்கள் கேட்பது அதைத்தான். மனைவியை மட்டும் அவர் கூப்பிடவே இல்லை. ஏன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

5.

மேலே புழுக்கம் தாங்காமல் நான் படியிறங்கி வாசலுக்கு வந்த நேரம், குழு திரும்பியது. ஃபிக்ரி சப்பாத்துக் குவியலைப் பார்த்து, "என்னடா இது, பள்ளிவாசலா?" என்று மலாயில் கேட்டார். மூவரும் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள். அர்ஜுனன் நின்றுவிட்டார்.

குவியலுக்கு அடியில், எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரு பழுப்புச் சிலிப்பர். வலது வார் போன தீபாவளிக்கு அறுந்தது. தொழிற்சாலையில் வயர் கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையால் அதை இறுக்கிக் கட்டியவர் அவர்தான்.

படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அவ எதுக்கு வந்திருக்கா?"

"பாக்கத்தான்."

"சிரிக்கவா?"

இந்த இடத்துக்கு மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதில் நான் கண்ணீர் மல்க அவர் கையைப் பிடித்து... (எனக்குக் கண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வராது.) இரண்டாவதில் வாயை மூடிக்கொண்டேன். (என்னைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.) மூன்றாவதுதான் நடந்தது.

"தம்பி, அந்த நாய் நான் சேர்த்தது."

"எந்த நாய்?"

"ஊளை நாய். அவ சொன்னது 'சத்தமா இருக்கு' மட்டும்தான். மத்ததெல்லாம் எங் கைவேலை."

என்னையே பார்த்தார். மேலே கார்த்திகேசு டிரம்மை இரண்டு தட்டுத் தட்டினார். கன்னத்தில் அறை விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது சிரிப்பு. இருமல் மிட்டாய் வெளியே வந்து விழுகிற அளவுக்குச் சிரிப்பு.

"சத்தமாத்தானேக்கா இருக்கு! அது பங்க்கு!" என்று கண்ணைத் துடைத்தார். "அட கடவுளே. அந்த நாய வச்சுத்தானேக்கா நான் இத்தன வருஷம் கைத்தட்டல் வாங்கினேன்."

"அவகிட்ட சொல்லப்போறீங்களா?"

"நாய் ஒங்களோடது. நீங்களே சொல்லுங்க."

சப்பாத்தைக் கழற்றினார். பழுப்புச் சிலிப்பருக்குப் பக்கத்தில் இடம் பண்ணி வைத்தார். வெறுங்காலோடு மேலே போனார்.

6.

முதல் பாட்டு ஜெயாவின் நெஞ்சில் வந்து இடித்தது. காதைப் பொத்தினாள். சோற்றில் உப்பு இல்லை என்பதைக்கூட மெதுவாகச் சொல்கிற மனிதர், கழுத்து நரம்பு புடைக்க, லிஃப்டைப் பற்றி, வாடகையைப் பற்றி, மேனேஜரைப் பற்றி மேடையே கிடுகிடுக்கக் கத்திக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற கூட்டம் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக் குதித்தது. காலுறையும் மரத்தரையும் சேர்ந்ததில் எல்லாரும் வழுக்கி விழுந்தார்கள். ஆனால் ஒன்றை அவள் கவனித்தாள். விழுந்தவனை அடுத்த நொடியே நாலு கை தூக்கி நிறுத்தியது. அவள் பள்ளியில்கூடப் பிள்ளைகளிடம் இவ்வளவு ஒழுக்கமில்லை.

மூன்றாவது பாட்டில் கையைக் காதிலிருந்து எடுத்தாள். ஐந்தாவதில் தலை ஆடியது. பூ எங்கேயோ போய்விட்டது.

ஆனால் அவர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அர்ஜுனன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். வயது அப்படி. பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, நேராக, நாங்கள் சாய்ந்து நின்ற தூணைப் பார்த்தார்.

"வா ஜெயா."

ஸ்பீக்கரில் அது கட்டடம் முழுக்கக் கேட்டது. சேவல் கொண்டைப் பையனுக்குத் தமிழ் தெரியாது. பாட்டின் பெயர் என்று நினைத்துவிட்டான். "வா ஜெயா!" என்று கத்தினான். மண்டபமே பிடித்துக்கொண்டது. வா ஜெயா! வா ஜெயா! எழுபது ஜோடிக் காலுறை தரையில் தாளம் போட்டது.

போனாள். வழியெல்லாம் கை கொடுத்து, ஒரு இடத்தில் வழுக்கி, தூக்கி நிறுத்தப்பட்டு, மேடைக்குப் போனாள். ஹைதர் கிதாரை அலறவிட்டார். 'ஊளை'யின் நாலு வரி முடிந்தது. அர்ஜுனன் மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

பாலர் பள்ளி ஆசிரியை ஜெயலெட்சுமி, தலையை அண்ணாந்து, ஊளையிட்டாள்.

(சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவ்வளவு நல்ல ஊளை.)

7.

திரும்பும்போது படியடியில் பெரிய கலவரம். எழுபது ஜோடியும் ஒரே கறுப்பு. காமினியின் இடது சப்பாத்தைக் கோகுலன் என்ற ஒலியமைப்பாளன் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

காடியில் ஜெயா குரலே இல்லாமல் கேட்டாள்: "அக்கா, அந்த ஊளைப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். 'துளசி அக்காவக் கேளு'ன்னுட்டாரு. ஏன்க்கா?"

நல்லவேளை, சிக்னலில் பச்சை விழுந்தது.

8.

முடிவு என்னிடம் இல்லை. அவர் சொல்லமாட்டார், நாய் என்னுடையதாம். நான் பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் கதை இன்னும் கொஞ்சம் அழகாக வெளியே வரப் பார்த்தது. பயந்து மூடிக்கொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் வெட்டலாம். ஜெயா ஞாயிறு பத்திரிகையில் ராசிபலன் மட்டும்தான் படிப்பாள். என் கதை வருவது அதற்கு எதிர்ப்பக்கத்தில். கண் இரண்டு அங்குலம் தள்ளிப் போனால் போதும். போகாவிட்டால், போய்ச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

மற்றபடி, கார்த்திகேசு பெர்த்துக்குப் போய்விட்டார். ஹைதர் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு சிம்பாங் அம்பாட்டுக்கு வீடு மாறிவிட்டார். காமினிக்கும் கோகுலனுக்கும் தைப்பூசம் கழித்துக் கல்யாணம் நடந்தது. (சப்பாத்தால் வந்த கல்யாணம், நான் சேர்த்தது என்பீர்கள். இல்லை. நான் இரண்டு பந்தி சாப்பிட்டேன்.) ஜெயா இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அர்ஜுனனோடு ஒத்திகைக்குப் போகிறாள். புது டிரம்ஸ்காரனைத் தேடுகிறார்கள்.

நான் போன வாரம் மகன் வீட்டோடு கெப்பாலா பத்தாசுக்கு வந்துவிட்டேன். செடியையும் எடுத்துக்கொண்டேன். ஜெயா வீடு அதே ஆறாம் மாடி, நீலக் கதவு. லிஃப்ட் பழுதுதான், ஏறித்தான் போகவேண்டும்.