முரசின் மாடுகள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பால்கடைக்காரரின் பெருமையடிப்பிலிருந்து வந்தது. பழைய அங்கோலே ராஜ்ஜியத்து ஊரான எங்கள் ம்பராராவில், சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ருவாபுஷோங்கோ, நான் இரண்டாவது டம்ளர் கேட்டபோது, "சும்மா மடக்குமடக்குன்னு குடிக்காதீங்க. இது ராஜமுரசோட மாட்டு வம்சம்" என்றார். அவர் சொல்வதில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பதில்தான் தகராறு.

2

முதல் தொடக்கம்: "பல நூற்றாண்டுகள் தழைத்த அங்கோலே அரசு 1967-ஆம் ஆண்டு..." (அடித்துவிட்டேன். பரீட்சைத் தாள் வாடை.)

இரண்டாவது: "அரண்மனை முற்றத்தில் ரத்தம்..." (பொய். என் கதையின் முற்றத்தில் யாரும் யாரையும் வெட்டவில்லை. புதிய அரசியல் சட்டம் வந்தது, மன்னர் பதவி போயிற்று.)

மூன்றாவது: கெய்ருங்கி பால் கறந்துகொண்டிருந்தபோது ராஜ்ஜியம் இல்லாமல் போனது.

இது இருக்கட்டும்.

3

கெய்ருங்கி முரசுக்குப் பால் வைப்பவள். எங்கள் ஊரில் மன்னர்கள் வருவார்கள், போவார்கள். முரசு மட்டும் இருக்கும். அதற்குத் தனி வீடு, அணையாத நெருப்பு, சொந்த மாடுகள். மாலைப் பாலை அதன் முன்னால் வைத்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் படும்.

[கெய்ருங்கி என் கற்பனை. முதலில் அவளை அழவைத்துப் பார்த்தேன். மூன்று பக்கம் எழுதியும் ஒரு சொட்டு வரவில்லை. அவளுக்கு மாடுகளைப் பற்றித்தான் கவலை, எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.]

4

பட்டியல் எடுக்க வந்த குமாஸ்தாவின் பெயர் திபெந்தெரானா. மன்னர் சொத்தெல்லாம் அரசாங்கத்துக்கு என்பது அவனுக்கு வந்த உத்தரவு. ஈட்டி, நாற்காலி எல்லாம் எழுதியாயிற்று. முரசையும் லாரியில் ஏற்றி அரசாங்கச் சாமான் கிட்டங்கிக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் மாடுகள்தான். அவையும் போனால் கெய்ருங்கிக்குக் காலையில் எழுந்திருக்கவே காரணம் இல்லை.

எத்தனை மாடு என்று கேட்டான். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். எங்கள் ஆட்கள் மாட்டை எண்ண மாட்டார்கள், எண்ணினால் குறையும். அவனும் மாட்டுக்காரர் மகன்தான், கையில் காகிதம் இருந்ததால் மறந்துவிட்டான்.

சரி, பேரையாவது சொல்லுங்கள் என்றான். அவள் நீண்ட கொம்புகளைத் தடவியபடி சொல்லிக்கொண்டே போனாள்: பெரிய செவலை, நெற்றிச்சுட்டி, காரி, மயிலை...

குமாஸ்தா நிமிர்ந்தான். "மயிலையா? எங்கப்பா குடுத்த மாட்டோட மகளாச்சே இது!"

"யாருக்குக் குடுத்தார் தம்பி?"

"முரசுக்குத்தான்."

"ராஜாவுக்கு இல்லையே?"

அவன் பேனா நின்றது. (எழுதும்போது நானும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.)

"ராஜா வேணாம்னுதான சட்டத்துல போட்டிருக்கு?" என்றாள் கெய்ருங்கி. "முரசு வேணாம்னு போட்டிருக்கா? படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு."

அவன் உத்தரவை இரண்டு முறை புரட்டினான். போட்டிருக்கவில்லை.

5

இனி முடிவு. பட்டியலில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

முதல் முடிவு: 'மன்னர்' என்று எழுதுகிறான். மாடுகள் லாரியில் ஏறுகின்றன. எனக்குக் கை வரவில்லை. அவன் அப்பா முகத்தில் எப்படி விழிப்பான்?

இரண்டாவது: 'முரசு'. நியாயம்தான். ஆனால் மேலதிகாரி ஒழுங்கானவர். சொத்தை உரிமையாளரிடமே சேர்ப்பிக்கச் சொல்லி, மாடுகளையும் முரசு இருக்கும் கிட்டங்கிக்கே அனுப்பிவிடுவார்.

மூன்றாவது: 'கெய்ருங்கி'. இதைத்தான் எழுத இருந்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "முரசோட மாட்ட என்னுதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்றாள். குமாஸ்தாவிடம் அல்ல, என்னிடம்.

ருவாபுஷோங்கோவிடம் போய்க் கேட்டேன். மாடு பிழைத்தது தெரியும், காகிதத்தில் என்ன எழுதினார்கள் என்பது பாலில் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். டம்ளரில் புகை போட்ட மரக்குடுவையின் வாசம் இருந்தது. மூன்றாவது டம்ளரும் குடித்தேன்.

நீங்களே எழுதுங்கள். அவன் பேனாவை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறான். யோசிக்கலாம், ஆனால் வெயில் இறங்கிவிட்டது, மடி கனத்து மயிலை கத்துகிறது, கெய்ருங்கி குடுவையைக் கழுவிவிட்டாள்.

உரிமையாளர்: ....................