இன்வெர்ட்டர் உள்ள வீடு

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இளவழகன் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சமையலறையிலிருந்து எதையோ நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பழைய ரொட்டிக் கவருக்குள் ஒரு டேப்லெட். மாவும் தண்ணீரும் பட்டுவிடக் கூடாதென்று யாரோ கவரின் வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, சார்ஜர் வயர் போவதற்கு மட்டும் ஒரு மூலையில் ஓட்டை போட்டிருந்தார்கள். உள்ளறையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் அம்மா சந்திரா தன் கோபத்தையெல்லாம் தணிந்த குரலில் பேச வேண்டியிருந்தது.

"இந்த வீராயி மிக்சிக்குப் பின்னால சொருகி வச்சிருக்கா. எவ்ளோ நாளா நடக்குதோ தெரியல. எங்க எடுத்தேன்னு கேட்டா, எடுக்கலம்மா எடுக்கலம்மான்னு அழறா. சரி, யாரோடதுன்னு சொல்லுன்னா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. இத வச்சிட்டுக் கெளம்பு, நாளையிலருந்து வராதேன்னு சொல்லிட்டேன்."

வீராயி அந்த வீட்டுக்கு வேலைக்கு வரத் தொடங்கியபோது இளவழகன் எட்டாம் வகுப்பில் இருந்தான். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்து, அந்த பிளாக்கில் மூன்று குவார்ட்டர்ஸுக்குப் பாத்திரம் தேய்த்து, வாசல் பெருக்கி, மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர் குறைந்ததில்லை. கவரைப் பிரித்துத் திருப்பியபோது அவன் கைக்கு முதலில் பட்டது பின்பக்கத்து ஸ்டிக்கரின் பிசுபிசுப்புதான். மஞ்சள் ஸ்டிக்கர். அதில் மார்க்கர் பேனாவில் 'மு.குப்பம்' என்று எழுதியிருந்தது. அது அவனுடைய கையெழுத்து.

"யாரோடதுடா?" என்றாள் அம்மா.

"எங்க கம்பெனியோடது."

வைத்திலிங்கம் என்பவரின் பால் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் இளவழகன்தான். சுற்றுப்பட்டு கிராமங்களில் காலையும் மாலையும் பால் எடுக்கும் சென்டர்கள் இருந்தன. நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டு எல்லாச் சென்டருக்கும் டேப்லெட் கொடுப்பது என்று முடிவானபோது, மெயின் பஜாரில் கடை வைத்திருக்கும் ஜாபர் அலி இரண்டு மாடல்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கருப்பு கனமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க உழைத்து மறுநாளும் தாங்கும். ஆனால் ஒவ்வொரு என்ட்ரிக்கும் திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி யோசிக்கும். வெள்ளை மெல்லியது. உள்ளே இரட்டைப் பிராசஸர், தொட்டால் ஓடும். நாலு மணி நேரத்தில் படுத்துவிடும். "தம்பி, இது பந்தயத்துல ஓடற குதிர, அது செங்கல் சுமக்கற கழுத. நீங்க ஊர் ஊரா கொடுக்கப் போறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் ஜாபர் அலி. முதலாளி இளவழகனைப் பார்த்தார்.

அவன் ஏனோதானோ என்று முடிவு செய்யவில்லை. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வைத்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பால் ஊற்ற வரும் வரிசையைக் கற்பனை செய்துகொண்டு, ஆள் பெயர், லிட்டர், பாலின் அடர்த்தி காட்டும் டிகிரி என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தான். கருப்பில் பாதி வரிசை முடிவதற்குள் வெள்ளையில் ஊரே முடிந்துவிட்டது. நிற்க வைக்கப்பட்ட பால் புளிக்கும், ஆட்கள் முணுமுணுப்பார்கள், வேன் தாமதமாகும். இவையெல்லாம் சரியான காரணங்கள். பேட்டரி பற்றி அவன் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தது ஒரே வரி: 'இரவில் சார்ஜ் செய்தால் போதுமானது.'

அந்த வரியை எழுத அவன் பேனா நிற்கவே இல்லை. தெர்மல் மின் நிலையத்தை ஒட்டிய நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன். அவர்கள் வீட்டில் மெழுகுவத்தி என்பது பிறந்தநாள் கேக்குக்கு வாங்குவது. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் இல்லாமல் தவித்தது அவனுக்குத் தெரியாமலில்லை. பேப்பரில் படித்தான், பண்ருட்டியிலிருந்து சித்தி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஃபேனுக்கடியில் தூங்குவதற்காகவே வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனாள். இந்திரா நகரில் இருக்கும் ஆபீஸில் கரண்ட் போனால் அடுத்த மூச்சுக்குள் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். பாலைக் குளிர வைக்கும் இடத்தில் அப்படித்தான் இருக்க முடியும். வெளியூர் மழையைத் தெரிந்துவைத்திருப்பதைப் போல அவன் மின்வெட்டைத் தெரிந்துவைத்திருந்தான்.

ஆடியில் சென்டர்காரர்களை வரவழைத்து டேப்லெட்டைக் கொடுத்துப் பழக்கினார்கள். அன்றைக்கு ஒருத்தி மட்டும் எழுந்து நின்று கேட்டாள். முத்தாண்டிக்குப்பம் செங்கமலம். பிளஸ் டூ படித்தவள். புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்து மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவன்.

"சார், இது எம்மாம் நேரம் நிக்கும்?"

"ராத்திரி தூங்கறப்ப சொருகிட்டுப் படுத்தா காலையில ஃபுல்லா இருக்கும். போனுக்குப் போடறதில்லையா, அது மாதிரிதான்."

அவள் பக்கத்திலிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். திரை ஓடுகிற வேகம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து அவனும் கூடச் சிரித்தான்.

முதல் மாதம் பல சென்டர்களிலிருந்து சாயங்கால என்ட்ரி வரவில்லை, அல்லது மறுநாள் வந்தது. அவன் ஒவ்வொருவருக்காகப் போன் செய்து கண்டித்தான். முத்தாண்டிக்குப்பத்துக்கும் செய்தான். "இனிமே லேட் ஆவாது சார்" என்றாள் செங்கமலம். அதற்குப் பிறகு ஆகவே இல்லை. "பாத்தீங்களா சார், கொஞ்சம் அதட்டினா வேலை நடக்குது" என்று முதலாளியிடம் அந்தச் சென்டரைத்தான் உதாரணமாகக் காட்டினான்.

வீராயியின் மகனும் காமாலையில்தான் இறந்தான் என்பது அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நம்ம வீராயியோட மருமக அவங்க ஊரு சென்டர்ல பால் எடுக்கறா போல இருக்கும்மா. ஊர்ல கரண்ட் இல்லாம இங்க கொண்டாந்து போட்டிருக்காங்க."

சந்திரா காலி ரொட்டிக் கவரை எடுத்து மடித்தாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா போட்டுக்கோன்னு சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள். சொல்லியிருப்பாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்பது அவள் திரும்பிக் குழம்பைச் சூடு பண்ணப் போன விதத்தில் தெரிந்தது. பாதியில் பிடுங்கப்பட்டிருந்த டேப்லெட்டை ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் சொருகிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

சாப்பிடும்போதே முடிவு செய்துவிட்டான். முதலாளியிடம் நேராகப் போய்த் தன் கணக்கு தப்பு என்று சொல்ல வேண்டும். வெள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருப்பை வாங்கலாம். ஜாபர் அலி பாதி விலைக்காவது எடுத்துக்கொள்வார். கையில் நல்ல அத்தாட்சி இருக்கிறது. பஸ்ஸில் ஏற்றி ஊர் தாண்டி ஊர் கொண்டுவந்து சார்ஜ் போடுகிறாள் ஒருத்தி என்றால் இதைவிட என்ன சொல்ல வேண்டும்? செங்கமலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லலாம் என்றுகூட நினைத்தான்.

வைத்திலிங்கம் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவை போன் வந்தபோது எடுக்காமல் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப நம்ம டேப்பு தெனமும் பஸ் ஏறிப் போயி ஊரான் வூட்டு அடுப்பாங்கரையில கெடக்குது."

"எங்க வீடுதான் சார்."

"இன்னைக்கு ஒன் வூடு. நாளைக்கு? பஸ்ல எவனாவது அடிச்சிகினு போனா ஒரு ஊரு பால் கணக்கு போச்சு. நீ அது சாமர்த்தியத்தச் சொல்ற, எனக்கு நட்டந்தான் கண்ணுல தெரியுது."

"அதுக்குத்தான் சார், கருப்பு மாடலா மாத்திட்டா..."

"தம்பி, அன்னைக்கு நான் ஒன்னைக் கேட்டுத்தானே வாங்குனேன்? எல்லாத்தையும் வாங்கியாச்சு. இனிமே டேப்ப மாத்த முடியாது, ஆள வேணா மாத்தலாம்." அவர் குரலில் கோபமே இல்லை. "அந்த ஊர்ல சிமெண்டு கடை தமிழ்மாறன் வூட்ல பெரிய இன்வெர்ட்டர் வச்சிருக்காரு. சென்டர எனக்குக் குடுங்கன்னு ரெண்டு மாசமா சொல்லிகினு இருக்காரு. அந்தப் பொண்ணு ஒழுங்கா செய்யுதேன்னுதான் நான் பேசாம இருந்தேன். இப்பதான தெரியுது எப்பிடிச் செய்யுதுன்னு."

"செங்கமலம் என்ன சார் பண்ணும்?"

"வேற எதுனா பாப்போம்." கவிழ்த்து வைத்த போனைத் திருப்பினார். "டேப்பு ஒங்கிட்ட இருக்குதில்ல? சாயங்காலப் பாலுக்கு நீயே எடுத்துகினு போ. முடிஞ்சதும் வாங்கிகினு வந்துடு. பக்குவமா சொல்லு, புருஷன் இல்லாத புள்ள."

வீட்டுக்குப் போய் சார்ஜில் இருந்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டும்வரை, அணைக்க மறந்த சாலை விளக்குகள் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தன. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வண்டி போகப் போக வெளிச்சம் குறைந்தது. ஐப்பசி வானம் மூடியிருந்ததால் பொழுது சீக்கிரமே சாய்ந்துவிட்டது. முத்தாண்டிக்குப்பத்துக் கடைகளில் மெழுகுவத்திகளைத் தகர டப்பாக்களுக்குள் நிறுத்தி ஏற்றியிருந்தார்கள். தெருவில் ஒரே ஒரு வீட்டு மாடியில் மட்டும் டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது. அதன் கீழே சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

தண்ணீர் டேங்க் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைதான் சென்டர். பால் ஊற்ற வந்தவர்களில் சிலர் ஏற்கெனவே கேனோடு குந்தியிருந்தார்கள். வீராயி தூக்குவாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் ஈரக் கையோடு எழுந்து ஓடிவந்தாள்.

"அம்மாவுக்குக் கோவம் தீந்துச்சா தம்பி? ஆயிரம் இருந்தாலும் கேக்காம போட்டது தப்புதான். ஒங்களுக்குத் தெரிஞ்சா எம் மருமவளுக்கு வேல போயிடுமேன்னு, அதான் நானும் யாரோடதுன்னு சொல்லல."

"கோவமெல்லாம் இல்ல வீராயிம்மா. நாளைக்கு வரச் சொன்னாங்க." அம்மா அப்படிச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சொல்லிவிடுவாள்.

"ஒங்க வூடுன்னு ஆயா சொன்னப்பவே எனக்கு பயந்தான் சார்" என்றாள் செங்கமலம். மாமியாரை அவள் ஆயா என்றே கூப்பிட்டாள். டேப்லெட்டை இரண்டு கையாலும் வாங்கி பட்டனை அழுத்தினாள். முகம் வெளிச்சமானது. "ஆயா, இங்க பாரேன், நூறு! நான் நூறப் பாத்ததே இல்ல சார். ஆயா மூணு வூட்லயும் போட்டு எடுத்துகினு வரப்ப எழுவது இருக்கும், ரெண்டு வூட்ல வூட்டுக்காரங்க இருந்துட்டாங்கன்னா முப்பதுதான்."

"அப்பறம் இன்னா, சார் வூட்டுக் கரண்ட்டு. அது ஒசத்தி" என்றார் குந்தியிருந்தவர்களில் ஒருவர். "எம் மாட்டையும் ரவ நேரம் அங்க கட்டி வச்சிட்டு வாயேன் செங்கமலம், கூட ஒரு லிட்டரு கறக்குதான்னு பாப்போம்." கொட்டகை சிரித்தது. வீராயியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. முதல் ஆளின் பாலை ஊற்றி, டிகிரி பார்த்து, அவள் விரல் திரையில் நாலு இடத்தில் பட்டதும் என்ட்ரி ஏறியது. அவன் சாப்பாட்டு மேஜையில் கற்பனை செய்ததைவிட வேகம். அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள். குந்தியிருந்தவர்கள் முடிந்ததும் அவள் டேப்லெட்டை அழுத்தி அடியோடு அணைத்தாள். இருட்டு சட்டென்று இறங்கியது. பால் நுரை அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்து யாரோ கேனோடு வர, மறுபடி அழுத்தினாள். கம்பெனிப் படம் வந்து, கோடு நிறைந்து, திரை உயிர் பெறும்வரை வந்தவர் நின்றுகொண்டிருந்தார். அவர் போனதும் மறுபடி அணைத்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் இப்படித்தான். கருப்பு மாடலில் வட்டம் சுற்றும் நேரத்தைவிட இது அதிகம் என்பதை இளவழகன் எண்ணாமலே அறிந்தான்.

"எதுக்கு ஆஃப் பண்றீங்க? இன்னைக்குத்தான் ஃபுல்லா இருக்கே."

"காலைப் பாலுக்கு வோணுமில்ல சார். இன்னைக்கு மிச்சம் புடிச்சா நாளைக்கி ஆயா இத தூக்கிகினு அலைய வேணாம். கை வலிக்குது அதுக்கு, சொல்லத்தான் மாட்டேங்குது."

வீராயி எங்கோ இருட்டில் வாளியை நகர்த்தினாள். தெற்கே வானத்தின் அடிப்பகுதி ஊதா கலந்த மஞ்சளாக வெளுத்திருந்தது. டவுன்ஷிப்பும் தெர்மலும் இருக்கும் திசை. அந்த வெளிச்சம் இவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"வந்ததுலருந்து ஏதோ சொல்ல வரீங்க, சொல்லாம நிக்கிறீங்களே" என்றாள் செங்கமலம். அவள் முகம் தெரியவில்லை. "ஆள் வரதுக்குள்ள சொல்லுங்க சார். பேசறதுக்கு வெளிச்சம் வோணுமா இன்னா?"

அவன் வாயைத் திறந்தபோது தெருமுனையில் ஒரு சைக்கிள் திரும்பியது. மிதிக்க மிதிக்கப் பிரகாசமாகி, தளர்ந்தால் மங்கும் டைனமோ விளக்கு. ஹேண்டில்பாரில் மாட்டிய கேன் வளையம் கிணுகிணுத்தது. அந்த நடுங்கும் வெளிச்சத்தில், டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலைப் பட்டன் மேல் அழுத்தாமல் வைத்தபடி, சைக்கிள் பக்கத்தில் வந்து நிற்பதற்காக அவள் காத்திருந்தாள்.