கதவைச் சாத்திட்டுப் போ

புதுத் தையல் கம்பெனியில் சேர்ந்த அன்று அவள் முதலில் பார்த்தது கதவைத்தான். சம்பளம் என்ன, சாப்பாட்டு நேரம் எப்போது என்று எல்லாரும் கேட்பதை அவள் கேட்கவே இல்லை. அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. சாத்தியதும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். ஏசி குளிர் வெளியே போய்விடக் கூடாதாம். குளிருக்கு இருக்கிற மரியாதை மனுஷருக்கு எங்கே இருக்கிறது, விடுங்கள்.

பழைய கம்பெனி தீப்பிடித்து எரிந்ததில் தப்பிப் பிழைத்தவள் அவள். அதற்குப் பிறகு கதவு பூட்டிய அறையில் மூச்சு முட்டும். சேர்ந்த வேலையெல்லாம் பாதியில் விட்டாயிற்று. இந்த ஊருக்குக் கூட்டிவந்து தன் வீட்டிலேயே வைத்துக்கொண்ட அக்கா, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "இதாவது நிலைக்கட்டும்டி. இதையும் விட்டுட்டு வந்தா, அப்புறம் நீ வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்து போய்ச் சேர்ந்துடுவ." அக்கா சொன்னதில் பொய்யில்லை. அவளுக்கும் அந்தப் பயம்தான்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் முதல் ஆளாக வந்து, வெட்டித் தள்ளிய துணியில் ஒரு துண்டைச் சுருட்டி, பூட்டின் நாக்கு போய் விழுகிற கதவு நிலையின் ஓட்டையில் திணித்துவிடுவாள். கதவு சாத்தும், பூட்டாது. ஒரு கண் தையலில், ஒரு கண் கதவில் என்று நாள் ஓடியது.

"என்னடி, மாப்பிள்ளை வர்றாரா? வாசலையே பார்க்கிற!" என்று பக்கத்து மெஷின் வாயாடி கிண்டலடிப்பாள். இவளும் சிரித்து வைப்பாள்.

ஒரு நாள் காலையில் கையில் அகப்பட்டது தடித்த ஜீன்ஸ் துணி. மத்தியானம் தண்ணீர் பிடிக்க வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் தள்ளினால், அசையவில்லை. நாக்கு துணியோடு உள்ளே போய் இறுகிவிட்டது. கைப்பிடி திரும்பவே மாட்டேன் என்றது.

உள்ளேயிருந்து இழுத்துப் பார்த்தார்கள். பிறகு தட்டினார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் திறக்காதீங்க சாமி, கொஞ்சம் தூங்கிக்கிறோம்!" என்றாள் வாயாடி. அறையே சிரித்தது. உள்ளே மாட்டிக்கொண்ட சூப்பர்வைசருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"யாரும்மா வெளியில? கீழே போய் வாட்ச்மேனைக் கூட்டிட்டு வா!"

சிரிப்பு அவள் காதில் ஏறவே இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. தீப்பிடித்த அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். பாட்டில் நழுவி விழுந்து தண்ணீர் காலடியில் ஓடியது.

"போம்மா, ஏன் நிக்கிற?"

"மாட்டேன் சார். உங்களையெல்லாம் விட்டுட்டுப் போக மாட்டேன்." கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "நான்தான் துணி வச்சேன். பூட்டக் கூடாதுன்னுதான் வச்சேன். அங்க தெனமும் திட்டுவாங்க சார், கதவைச் சாத்திட்டுப் போ, சாத்திட்டுப் போன்னு. புகை வந்தப்ப நான்தான் முதல்ல ஓடி வந்தேன். இந்தப் பாழாப்போன கை, பழக்கத்துல இழுத்துச் சாத்திடுச்சு, கதவும் பூட்டிக்கிச்சு. மத்தவங்க ஜன்னல் வழியாத் தப்பிச்சிட்டாங்க. என் சிநேகிதி கதவுகிட்ட நின்னு தட்டினா. என்னால திறக்க முடியல சார். அவ வெளியே வரவே இல்ல."

உள்ளே ஒருத்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு வாயாடியின் குரல் கதவை ஒட்டி வந்தது.

"கழுத்துல கத்தரி தொங்குதா?"

"தொங்குது."

"இடுக்குல துணி தெரியும், பாரு. நான் கதவை அழுத்திப் பிடிச்சுக்கிறேன். அறுத்து அறுத்து இழு. அவசரமே இல்லடி, நாங்கல்லாம் நல்லாத்தான் இருக்கோம்."

நூல் நூலாகப் பிய்த்தாள். கத்தரி விரலைக் கிழித்ததுகூடத் தெரியவில்லை. கடைசித் துண்டு வெளியே வந்ததும் கைப்பிடி திரும்பியது.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சூப்பர்வைசர் திட்டத்தான் வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். வாயாடி அவள் ரத்தக் கையைத் தன் முந்தானையால் சுற்றிப் பிடித்தாள். "வா, தண்ணி குடிப்போம்."

அவள் நகரவில்லை. சாத்தப்போன கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு, ஆளில்லாத அறையைப் பார்த்தாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"யாரும் இல்லடி. எல்லாரும் வந்தாச்சு."

அவளுக்கும் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று நின்றாள்.